ஸ்பிரிங் மாத்தினா மட்டும் போதுமா? ஆஃப்ரோடு பிக்கப்பின் பின்பக்கத்தில் நடப்பது என்ன?

அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலத்தில், சியரா நெவாடா மலையில் 'ரூபிகான் டிரெயில்' என்று ஒரு பாதை இருக்கிறது. பேருக்குத்தான் அது பாதை. சுமார் 35 கிலோமீட்டரில் பெரும்பகுதி பாறைகள், படிக்கட்டு மாதிரி ஏறி இறங்கும் கற்கள், ஆளை விழுங்கும் பள்ளங்கள்.

இப்படிப்பட்ட இடத்தில் ஒரு பழைய பிக்கப் ஏறுவதாக வைத்துக்கொள்வோம். இடதுபக்கப் பின்சக்கரம் பாறை மேல் ஏறிவிட்டது. வலதுபக்கப் பின்சக்கரம் தரையைத் தொடாமல் அந்தரத்தில் தொங்குகிறது. ஓட்டுநர் ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் அந்தரத்தில் தொங்கும் சக்கரம் மட்டும் சும்மா சுற்றும். இன்ஜினில் சக்தி இருக்கிறது, டயரும் புதுசு. ஆனால் வண்டி நகராது. காரணம், பின்பக்க ஸ்பிரிங் அந்தச் சக்கரத்தைத் தரைவரை இறங்க விடவில்லை.

இதற்கு அமெரிக்க ஆஃப்ரோடு ஆர்வலர்களிடம் ஒரு நாட்டு வைத்தியம் உண்டு. பழைய டொயோட்டா பிக்கப்பின் பின்பக்க லீஃப் ஸ்பிரிங்குகளைக் கழற்றிவிட்டு, அதைவிடப் பெரிய ஷெவர்லே பிக்கப்பின் நீளமான ஸ்பிரிங்குகளைப் பொருத்துவார்கள். '63 இன்ச் ஸ்வாப்' என்று இதற்குப் பெயர். பழைய வண்டிகளை உடைத்து விற்கும் யார்டில் ஸ்பிரிங் மலிவாகக் கிடைக்கும். வெல்டிங் தெரிந்தவர் இருந்தால் இரண்டு மூன்று நாளில் பொருத்திவிடலாம்.

"போல்ட் போட்டாச்சு, வேலை முடிஞ்சது" என்று ரோட்டில் இறக்கினால்தான் கதை ஆரம்பிக்கும். 60 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி அதிரும். மேட்டில் ஏறும்போது பின்சக்கரம் குதிக்கும். பிரேக் பிடித்தால் பழைய மாதிரி நிற்காது. இத்தனைக்கும் மாற்றியது ஸ்பிரிங்கை மட்டும்தான். அப்புறம் ஏன் இவ்வளவு பிரச்சினை?

ஒரே பட்டை, இரண்டு வேலை

நம்ம ஊர் லாரிக்கு அடியில் குனிந்து பார்த்தவர்களுக்கு லீஃப் ஸ்பிரிங் புதிதல்ல. வில் மாதிரி வளைந்த எஃகுப் பட்டைகளை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கி, நடுவில் ஒரு சென்டர் போல்ட்டால் கோத்திருப்பார்கள். மிக நீளமான மெயின் பட்டையின் இரண்டு முனைகளும் சுருட்டப்பட்டிருக்கும். அதுதான் 'கண்'. முன்பக்கக் கண் சேசிஸோடு நேரடியாகப் பிணைக்கப்பட்டிருக்கும். பின்பக்கக் கண் 'ஷேக்கிள்' என்ற சின்ன ஊஞ்சலில் தொங்கும். நடுப்பகுதியை ஆக்ஸிலோடு யூ-போல்ட் இறுக்கிப் பிடித்திருக்கும்.

காயில் ஸ்பிரிங் உள்ள காரில் ஸ்பிரிங்கின் வேலை எடையைத் தாங்குவது மட்டும்தான். ஆக்ஸிலை அதன் இடத்தில் பிடித்துவைக்கத் தனியாகக் கம்பிகள் இருக்கும். லீஃப் ஸ்பிரிங்கில் அப்படித் தனிக் கம்பிகள் எதுவும் கிடையாது. எடையைத் தாங்குவதும், ஆக்ஸில் முன்னே பின்னே நகராமல், உருளாமல், பக்கவாட்டில் ஓடாமல் பிடித்துவைப்பதும் அதே பட்டைதான். பிக்கப்களும் லாரிகளும் இன்றுவரை இதை விடாமல் இருப்பதற்குக் காரணம் இந்த எளிமைதான்.

ஸ்பிரிங் மாற்றத்தில் வரும் தலைவலிக்கும் இதே எளிமைதான் காரணம். ஸ்பிரிங்கை மாற்றினால் வண்டியின் மென்மை மட்டும் மாறுவதில்லை. ஆக்ஸில் நிற்கும் இடம், அது நிமிரும் கோணம், புரொப்பல்லர் ஷாஃப்ட்டின் நீளம், பிரேக்கின் கணக்கு எல்லாம் சேர்ந்தே மாறுகின்றன.

இந்தப் பட்டை உடைந்தால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு உதாரணம் உண்டு. 2014-ல் டொயோட்டா நிறுவனம் 2005 முதல் 2011 வரையிலான மாடல் டகோமா பிக்கப்களில் சுமார் 6.9 லட்சத்தை அமெரிக்காவில் திரும்ப அழைத்தது. அழுத்தத்தாலும் துருவாலும் பின்பக்க ஸ்பிரிங்கின் ஒரு பட்டை உடையக்கூடும், உடைந்த துண்டு பெட்ரோல் டேங்க் உள்ளிட்ட பக்கத்துப் பாகங்களில் குத்தக்கூடும் என்பதுதான் காரணம். ஒரு கம்பெனி வடிவமைத்த ஸ்பிரிங்குக்கே இந்த நிலை என்றால், வீட்டு ஷெட்டில் மாற்றியமைக்கும் ஸ்பிரிங்குக்கு எவ்வளவு கவனம் வேண்டும்!

அது ஏன் 63 அங்குலம்?

1979 முதல் 1995 வரை அமெரிக்காவில் விற்ற நான்கு சக்கர டிரைவ் டொயோட்டா பிக்கப் உண்மையில் ஹைலக்ஸின் அமெரிக்க அவதாரம்தான். அதன் பின்பக்க ஸ்பிரிங் ஏறக்குறைய 4 அடி நீளம். 1988 முதல் 1998 வரை வந்த ஷெவர்லேயின் பெரிய பிக்கப் ஸ்பிரிங்கோ 63 அங்குலம், அதாவது சுமார் 160 செ.மீ. அகலம் 63.5 மி.மீ. டொயோட்டா ஸ்பிரிங்கின் அகலம் 60 மி.மீ. என்பதால் அப்படியே மாட்ட முடியாது. ஆக்ஸில் மேல் ஸ்பிரிங் உட்காரும் இருக்கை, சேசிஸில் உள்ள முன் ஹேங்கர், பின் ஷேக்கிள் ஹேங்கர் எல்லாமே புதிதாக வேண்டும்.

ஒரு அடிக்கு மேல் நீளம் கூடுவதில் என்ன லாபம்? ஸ்பிரிங் கணக்கில் நீளத்துக்குத் தனி மரியாதை உண்டு. விறைப்பு என்பது நீளத்தின் மும்மடிக்கு எதிராக மாறும். அதே பட்டைகளை 48 அங்குலத்திலிருந்து 63 அங்குலமாக நீட்டினால், விறைப்பு பாதிக்கும் கீழே, சுமார் 44 சதவீதமாக இறங்கிவிடும். மென்மையான ஸ்பிரிங் என்றால் சக்கரம் கூடுதலாக மேலே ஏறும், கூடுதலாகக் கீழே இறங்கும். அந்தரத்தில் தொங்கிய சக்கரத்துக்குத் தரை கிடைக்கும்.

பட்டையின் தடிமனுக்கும் இதே மும்மடிக் கணக்குதான், ஆனால் நேர்த் திசையில். 7 மி.மீ. பட்டைக்குப் பதில் 8 மி.மீ. பட்டை போட்டால், ஒரு மில்லிமீட்டர் வித்தியாசத்திலேயே அந்தப் பட்டையின் விறைப்பு ஏறக்குறைய ஒன்றரை மடங்காகிவிடும். யார்டிலிருந்து கொண்டுவந்த ஷெவர்லே ஸ்பிரிங் கனமான வண்டிக்காகச் செய்தது. எடை குறைந்த டொயோட்டாவில் அதை அப்படியே போட்டால் நீளம் இருந்தும் மென்மை வராது. அதனால் அடியில் இருக்கும் தடித்த ஓவர்லோடு பட்டையை எடுப்பார்கள். தேவைப்பட்டால் இன்னொரு பட்டையையும் குறைப்பார்கள். எத்தனை பட்டை என்பது வண்டிக்கு வண்டி மாறும். அதை முடிவு செய்ய வேண்டியது எடை.

முதல் வேலை எடை மேடையில்

ஸ்பிரிங் டியூனிங் ஸ்பேனரில் ஆரம்பிப்பதில்லை, எடை மேடையில் ஆரம்பிக்கிறது. வண்டியை எப்போதும் எப்படி ஓட்டுவார்களோ அப்படியே ஏற்ற வேண்டும். டேங்கில் பெட்ரோல், ஸ்பேர் வீல், டூல் பாக்ஸ், தண்ணீர் கேன், கூடாரம், உள்ளே உட்காரும் ஆட்கள் எல்லாம் சேர்த்து, பின் ஆக்ஸிலில் மட்டும் எவ்வளவு எடை விழுகிறது என்று பார்க்க வேண்டும்.

இது ஏன் முக்கியம் என்பதற்கு ஒரு எளிய கணக்கு. ஒரு பக்க ஸ்பிரிங் ஒரு சென்டிமீட்டர் அமுங்க 30 கிலோ தேவை என்று வைத்துக்கொள்வோம். வண்டியின் பின்னால் 200 கிலோ சாமான் ஏற்றினால், பக்கத்துக்கு 100 கிலோ, வண்டி 3.3 செ.மீ. இறங்கும். ஸ்பிரிங்கின் விறைப்பு பாதியாக இருந்தால் அதே சாமானுக்கு 6.7 செ.மீ. இறங்கும். காலி வண்டியில் எல்லாம் கச்சிதமாக இருந்தது, டூர் கிளம்பும் அன்று பின்பக்கம் உட்கார்ந்துவிட்டது என்பது இதனால்தான்.

ஆக, மென்மைக்கு ஒரு விலை உண்டு. பாறையில் நன்றாக ஏறும் ஸ்பிரிங், சுமை தூக்குவதில் பின்தங்கும். "ரெண்டும் வேணும்" என்றால் கிடைக்காது. இந்த வண்டி வாரத்தில் ஐந்து நாள் சாமான் தூக்கப்போகிறதா, மாதத்துக்கு ஒருமுறை மலை ஏறப்போகிறதா என்ற கேள்விக்கு நேர்மையான பதில் சொன்ன பிறகுதான் பட்டைகளின் எண்ணிக்கையைப் பற்றிப் பேச முடியும்.

ஷேக்கிள் எந்தப் பக்கம் சாய்கிறது?

வளைந்த பட்டை அமுங்கும்போது நிமிர்கிறது. நிமிர்ந்தால் அதன் நீளம் கூடும். கூடும் நீளம் எங்காவது போயாக வேண்டும். அதற்காகத்தான் ஷேக்கிள் என்ற ஊஞ்சல். ஸ்பிரிங் அமுங்கும்போது ஷேக்கிளின் கீழ்முனை பின்னால் நகரும். சக்கரம் தொங்கும்போது முன்னால் வரும்.

வண்டி தன் எடையில் நிற்கும்போது ஷேக்கிளின் கீழ்முனை லேசாகப் பின்னோக்கிச் சாய்ந்திருக்க வேண்டும். செங்குத்துக் கோட்டிலிருந்து 20 முதல் 30 டிகிரி வரை என்பது பலரும் தொடங்கும் இடம். இதில் தவறினால் இரண்டு விதமாக மாட்டிக்கொள்ளலாம்.

ஷேக்கிள் முன்னோக்கிச் சாய்ந்திருந்தால், ஸ்பிரிங் அமுங்கத் தொடங்கும்போது அதன் கீழ்முனை முதலில் கீழே இறங்கி, வண்டியை மேலே தூக்கப் பார்க்கும். மென்மையான ஸ்பிரிங் போட்டும் வண்டி கட்டை மாதிரி இருப்பதற்கு இது ஒரு காரணம். சக்கரம் முழுவதுமாகத் தொங்கும்போது ஷேக்கிள் மறுபக்கம் புரண்டு மாட்டிக்கொள்ளவும் வாய்ப்புண்டு. மாறாக, ஷேக்கிள் ஏற்கெனவே அதிகமாகப் பின்னால் படுத்திருந்தால், அமுங்கும்போது அது சேசிஸில் போய் இடிக்கும். அதற்குமேல் ஸ்பிரிங் நீள இடமில்லாமல் பட்டையே வளைந்து சேதமாகும்.

உயரம் வேண்டும் என்பதற்காக நீளமான ஷேக்கிள் போடுகிறவர்களும் உண்டு. ஷேக்கிளை 2 அங்குலம் நீட்டினால் வண்டி சுமார் 1 அங்குலம்தான் உயரும். கூடவே ஸ்பிரிங்கின் பின்முனை தாழ்வதால் ஆக்ஸிலும் சேர்ந்து சுழன்று, அதன் மூக்கு மேலே பார்க்க ஆரம்பிக்கும். அடுத்த பிரச்சினை அங்கேதான்.

60 கிலோமீட்டரில் வரும் அதிர்வு

கியர் பாக்ஸுக்குப் பின்னால் இருக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸிலிருந்து பின் ஆக்ஸிலுக்குச் சக்தியைக் கொண்டுபோவது புரொப்பல்லர் ஷாஃப்ட். அது ஆக்ஸிலில் சேரும் மூக்குப் பகுதிக்குப் பெயர் பினியன். ஷாஃப்ட்டின் இரண்டு முனையிலும் கிராஸ் ஜாயின்ட் இருக்கும்.

கிராஸ் ஜாயின்ட்டுக்கு ஒரு குணம் உண்டு. சாய்ந்த நிலையில் சுற்றும்போது, ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு முறை வேகம் கூடி, இரண்டு முறை குறையும். மறுமுனையிலும் அதே அளவு சாய்வு இருந்தால், ஒன்று கூட்டியதை மற்றொன்று கழித்துவிடும். இரண்டு முனையிலும் கோணம் சமமாக இல்லாவிட்டால் கழியாத மிச்சம் அதிர்வாக வரும். அப்படியே ஓட்டினால் ஜாயின்ட் சீக்கிரம் தேயும். ஒருநாள் ஓடும்போதே உடைந்தால், கழன்ற ஷாஃப்ட் வண்டிக்கு அடியில் சுழன்று அடிக்கும்.

அதனால் சாதாரண ஷாஃப்ட்டில் விதி இது: டிரான்ஸ்ஃபர் கேஸின் வெளியீட்டு அச்சும் பினியன் அச்சும் இணையாக இருக்க வேண்டும். லீஃப் ஸ்பிரிங் வண்டியில் இதற்கு ஒரு சின்னத் திருத்தம் உண்டு. ஆக்ஸிலரேட்டரை மிதிக்கும்போது பினியன் மூக்கைத் தூக்கும். அதனால் நிற்கும்போதே அதை ஒன்றிரண்டு டிகிரி கீழே வைக்க வேண்டும். ஓடும்போது அது சரியான இடத்துக்கு வந்துவிடும். மேல்முனையில் இரட்டை ஜாயின்ட் உள்ள 'டபுள் கார்டன்' ஷாஃப்ட் என்றால் கணக்கு வேறு. அங்கே பினியன் நேராக டிரான்ஸ்ஃபர் கேஸைப் பார்க்க வேண்டும், அதிலும் ஒன்றிரண்டு டிகிரி தாழ்வாக.

கோணத்தை அளக்க விலை குறைந்த டிஜிட்டல் ஆங்கிள் கேஜ் போதும். எப்போது அளக்கிறோம் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. அனுபவசாலிகள் ஆக்ஸில் மேல் இருக்கையை முதலில் டேக் வெல்டு மட்டும் வைப்பார்கள். வண்டியைத் தரையில் இறக்கி, முழுச் சாமானும் ஏற்றி, நாலு தடவை குலுக்கி, கோணம் பார்த்த பிறகுதான் முழு வெல்டிங். அதையும் ஒரே மூச்சில் அடிக்காமல், கொஞ்சம் கொஞ்சமாக ஆறவிட்டு அடிப்பார்கள். இல்லாவிட்டால் சூட்டில் ஆக்ஸில் குழாயே வளைந்துவிடும். வெல்டிங் முடிந்த பிறகு மிஞ்சும் ஓரிரு டிகிரியைச் சரிசெய்ய ஆப்பு வடிவ ஷிம் உண்டு. அலுமினிய ஷிம் இடிபட்டு நசுங்கக்கூடும் என்பதால் எஃகு ஷிம்தான் நல்லது.

கோணத்தோடு நீளமும் முக்கியம். ஸ்பிரிங் ஏறி இறங்கும்போது ஷாஃப்ட் நீண்டு குறுகும். சக்கரம் முழுவதும் தொங்கும்போது ஷாஃப்ட்டின் சறுக்கு மூட்டு கழன்றுவிடக்கூடாது. முழுவதும் அமுங்கும்போது முட்டிக்கொள்ளவும் கூடாது.

மேட்டில் சக்கரம் ஏன் குதிக்கிறது?

சக்கரத்தை முன்னால் உருட்டும் விசை, அதே நேரத்தில் ஆக்ஸில் குழாயைப் பின்னால் சுழற்றப் பார்க்கும். அதைத் தடுத்து நிற்பது ஸ்பிரிங் மட்டும்தான். விசை அதிகமானால் ஸ்பிரிங் 'எஸ்' வடிவில் முறுக்கிக்கொள்ளும். டயர் பிடி விட்டதும் பட்டென்று திரும்பும். மறுபடி பிடிக்கும், மறுபடி முறுக்கும். வெளியே நிற்பவருக்குச் சக்கரம் குதிப்பது மாதிரி தெரியும். 'ஆக்ஸில் ரேப்' என்று சொல்வது இதைத்தான்.

எவ்வளவு விசை? 1980-களின் டொயோட்டா பிக்கப்பில் இருந்த 2.4 லிட்டர் 22ஆர்-ஈ இன்ஜினின் உச்ச டார்க் சுமார் 190 நியூட்டன் மீட்டர். முதல் கியரில் அது 3.95 மடங்காகும், லோ ரேஞ்சில் மேலும் 2.28 மடங்காகும், ஆக்ஸிலில் மேலும் 4.10 மடங்காகும். பெருக்கிப் பார்த்தால் சுமார் 7,000 நியூட்டன் மீட்டர். ஒரு மீட்டர் நீளக் கம்பியின் நுனியில் 700 கிலோவைத் தொங்கவிட்டால் எவ்வளவு முறுக்குமோ அவ்வளவு. டயரின் பிடிமானம் அனுமதிக்கும் அளவுக்குத்தான் இது வெளிப்படும். ஆனாலும் முன்சக்கரங்கள் பிடி இழந்து, எடையெல்லாம் பின்னால் சாயும் செங்குத்து மேட்டில் பெரும்பங்கு பின் ஆக்ஸிலுக்கே போகும்.

நீளமான, மென்மையான ஸ்பிரிங் இந்த முறுக்குக்குச் சீக்கிரம் வளைந்துகொடுக்கும். பாறையில் சக்கரம் இறங்குவதற்காகத் தேடிய அதே மென்மை, மேட்டில் எதிரியாகிறது. இதற்கு இரண்டு தீர்வுகள் உண்டு. ஒன்று, முறுக்கைத் தாங்கும் முன்பாதியில் மட்டும் பட்டையைக் கூட்டுவது. இன்னொன்று, ஆக்ஸிலிலிருந்து சேசிஸுக்கு ஒரு டிராக்‌ஷன் பார் போடுவது. அந்தக் கம்பியின் சேசிஸ் முனையையும் ஒரு ஷேக்கிளில் தொங்கவிட வேண்டும். நேரடியாகப் பிணைத்தால் கம்பி ஒரு வட்டத்தில் போகும், ஸ்பிரிங் வேறு பாதையில் போகும். இரண்டும் ஒன்றையொன்று இழுத்து, கஷ்டப்பட்டுச் சம்பாதித்த சக்கர அசைவு போய்விடும்.

எங்கே நிறுத்துவது?

அசைவு கூடக்கூட எல்லையும் வேண்டும். பழைய பம்ப் ஸ்டாப் பழைய ஸ்பிரிங்குக்கான உயரத்தில் இருக்கும். புதிய ஸ்பிரிங்கில் அது வேலைக்கு வருவதற்கு முன்பே டயர் பின்பெட்டியின் விளிம்பில் உரசலாம், பட்டை எதிர்ப்பக்கம் வளையலாம், ஷாக் அப்சார்பர் உள்ளே முட்டலாம்.

இதைக் கண்டுபிடிக்க ஒரு ஃபோர்க் லிஃப்ட் போதும். ஒரு பின்சக்கரத்தை மட்டும் மெதுவாகத் தூக்க வேண்டும். மேலே போகும் சக்கரத்தில் டயர் எங்கே உரசுகிறது, தொங்கும் சக்கரத்தில் எது முதலில் இழுபடுகிறது என்று பார்க்க வேண்டும். பிரேக் ஹோஸ், ஹேண்ட் பிரேக் கேபிள், ஆக்ஸிலின் காற்றுக் குழாய் மூன்றும் இழுபடாமல் இருக்க வேண்டும். பிரேக் ஹோஸ் விறைத்து நிற்கிறது என்றால் வண்டியை அங்கேயே நிறுத்திவிட்டு நீளமான ஹோஸ் வாங்க வேண்டியதுதான்.

ஷாக் அப்சார்பரை இந்தச் சோதனைக்குப் பிறகு வாங்குவதே புத்திசாலித்தனம். முழுவதும் அமுங்கிய நிலை, முழுவதும் தொங்கிய நிலை இரண்டையும் அளந்து, இரண்டுக்கும் இடம் கொடுக்கும் ஷாக் தேர்ந்தெடுக்க வேண்டும். அமுங்குவதை நிறுத்த வேண்டியது பம்ப் ஸ்டாப், ஷாக் அல்ல.

பலரும் மறக்கும் ஒரு கம்பி

பழைய டொயோட்டா பிக்கப்பின் பின் ஆக்ஸிலுக்கு மேலே ஒரு சின்னக் கம்பி, சேசிஸில் உள்ள ஒரு வால்வோடு இணைந்திருக்கும். பின்பிரேக்குக்கு எவ்வளவு அழுத்தம் போக வேண்டும் என்று முடிவு செய்யும் வால்வு அது. வண்டியில் சுமை ஏறினால் சேசிஸ் இறங்கி ஆக்ஸிலை நெருங்கும். 'சுமை இருக்கு' என்று புரிந்துகொண்டு வால்வு பின்பிரேக்குக்கு அழுத்தத்தைக் கூட்டும். வண்டி காலியாக உயர்ந்து நின்றால் குறைக்கும்.

புதிய ஸ்பிரிங்கால் வண்டி உயர்ந்துவிட்டால் என்ன ஆகும்? முழுச் சுமையோடு போனாலும் வால்வுக்கு அது காலி வண்டிதான். பின்பிரேக் பாதி வேலைதான் செய்யும். 'ஸ்பிரிங் மாத்தினதுல இருந்து பிரேக் சரியில்ல' என்ற புகாரின் வேர் இங்கே இருக்கலாம். வண்டி எவ்வளவு உயர்ந்ததோ அந்த அளவுக்குக் கம்பி பிடிக்கும் இடத்தையும் உயர்த்திவைக்க வேண்டும். சின்ன பிராக்கெட் வேலைதான், ஆனால் உயிர் காக்கும் வேலை.

டெஸ்ட் எப்படி?

ஆஃப்ரோடு உலகில் 20 டிகிரி சாய்வுப் பலகையில் ஒரு பக்கச் சக்கரத்தை ஏற்றிப் பார்ப்பார்கள். மற்ற மூன்று சக்கரங்களும் தரையை விடாமல் எவ்வளவு தூரம் ஏற முடிகிறது என்று அளந்து, அதை வீல்பேஸால் வகுத்து 1,000-ஆல் பெருக்குவார்கள். இதுதான் ஆர்.டி.ஐ. மதிப்பெண். தகவல் அறியும் உரிமைச் சட்டத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை!

இந்த மதிப்பெண்ணுக்காக மட்டும் டியூன் செய்தால் ரோட்டில் மாட்டிக்கொள்ளலாம். உயர்ந்த, மென்மையான வண்டி வளைவில் அதிகமாகச் சாயும். ஸ்பிரிங்கின் முன்கண் ஆக்ஸிலைவிட ரொம்ப உயரத்தில் இருந்தால், சாயும்போது வெளிப்பக்கப் பின்சக்கரம் லேசாகப் பின்னால் தள்ளப்படும், உள்பக்கச் சக்கரம் முன்னால் வரும். ஓட்டுநர் ஸ்டீயரிங்கைத் தொடாமலே பின் ஆக்ஸில் கொஞ்சம் திரும்பி, வண்டியை வளைவுக்குள் கூடுதலாக இழுக்கும். அதனால் முதல் ஓட்டம் வெறிச்சோடிய ரோட்டில், குறைந்த வேகத்தில் இருக்க வேண்டும்.

கடைசியாக மூன்று சின்ன விஷயங்கள். ஒருமுறை இறுக்கிய யூ-போல்ட் இழுபட்டிருக்கும் என்பதால் பழையதைத் திரும்பப் போடக்கூடாது. ரப்பர் புஷ் உள்ள போல்ட்டுகளை வண்டி தரையில் முழு எடையோடு நிற்கும்போதுதான் கடைசியாக இறுக்க வேண்டும், ஜாக்கியில் தொங்கும்போது இறுக்கினால் ரப்பர் முறுக்கிக் கிழியும். முதல் சில நூறு கிலோமீட்டருக்குள் எல்லா யூ-போல்ட்டையும் மறுபடி டார்க் ரெஞ்ச் வைத்துப் பார்க்க வேண்டும்.

நம்ம ஊரில் செய்யலாமா?

இந்தியாவில் இப்போது விற்கும் டொயோட்டா ஹைலக்ஸ், இசுசு வி-கிராஸ் இரண்டிலும் பின்னால் லீஃப் ஸ்பிரிங்தான். அதனால் ஆசை வருவது இயல்பு. ஆனால் சட்டம் தெளிவாக இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவுப்படி, தயாரிப்பாளர் குறிப்பிட்டு ஆர்.சி.யில் பதிவான விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிப்படுத்தியது. அதே ஆண்டின் சட்டத் திருத்தப்படி, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டுமே விதிக்கலாம். சேசிஸில் ஹேங்கரை வெட்டி வேறு இடத்தில் வெல்டு அடிப்பது அமெரிக்க வீட்டு ஷெட்டில் சாதாரணமாக இருக்கலாம். இங்கே ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்காமல் அதில் இறங்குவது ஆபத்து. விபத்து நடந்தால் இன்சூரன்ஸ் கம்பெனியின் கேள்விகளும் வரும்.

அதற்காக இந்தக் கணக்குகள் நமக்கு உதவாது என்றில்லை. பழைய ஸ்பிரிங் தளர்ந்து போய், அதே நீளத்தில், அதே இடத்தில் புது செட் போடுகிறவருக்கும் இவை பொருந்தும். பட்டறையில் கேட்க வேண்டிய கேள்விகள் மாறுவதில்லை. சுமையோடு நிறுத்தி ஷேக்கிள் பார்த்தாச்சா? பினியன் கோணம் பழையபடி இருக்கா? யூ-போல்ட் புதுசா? புஷ் போல்ட்டை எப்போ இறுக்கினீங்க? இந்த நாலு கேள்விக்கும் 'ஆமா' என்றோ தெளிவான பதிலோ வந்த பிறகு சாவியை வாங்கிக்கொள்வது நல்லது.